தலைமேல் வைத்த ஜெபம்

சர்ச்சிலிருந்து வந்து, கட்டின நல்ல புடவையைக்கூட மாற்றாமல் குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்த ரெபேக்காள், பின்வாசல் பக்கம் சத்தமே இல்லையே என்றுதான் எட்டிப் பார்த்தாள். ஐந்து வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் சத்தம் இல்லையென்றால் ஏதோ உடைந்திருக்கும், இல்லை ஏதோ வாய்க்குள் போயிருக்கும். ஆனால் பிரிசில்லா சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக் கிழவி சின்னப்பொண்ணு தன் மாட்டுக்குப் போட்டிருந்த வைக்கோலில் ஒரு கை அள்ளி வந்து, அதன் நுனியை இடதுகால் கட்டைவிரலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையில் எச்சிலைத் துப்பித் தேய்த்து, பிரி முறுக்கிக்கொண்டிருந்தாள்.

நெல்லுக்கட்டைக் கட்ட வைக்கோலையே கயிறாகத் திரிப்பதுதான் பிரி. ரெபேக்காளுக்கே அது வராது. அவள் கழனியில் இறங்காமல் பள்ளிக்கூடம் போன தலைமுறை. பிரிசில்லா பிறப்பதற்குள் அந்தப் பக்கத்துக் கழனியில் பாதி கல் நட்டு மனையாகிவிட்டது. திருக்கழுக்குன்றத்திலிருந்து கல்பாக்கம் போகிற சாலையில் பாதி தூரத்தில் இருக்கிற அந்த ஊரில், இப்போது அறுவடை என்றால் மெஷின்தான். பிள்ளை பிரியைப் பார்த்திருக்கவே வழியில்லை.

"யாருடி சொல்லிக் குடுத்தா?"

பிள்ளை நிமிரவில்லை. "இதுக்கு இன்னாத்துக்கு சொல்லிக் குடுக்கணும்?" என்றது.

சின்னப்பொண்ணு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கைகொட்டிச் சிரித்தாள். "அடி ஆத்தே, உங்க மாமனாரு அச்சு அசலா இப்டித்தான் முறுக்குவாரு! கட்டைவிரலு வச்சிகினு கீறதப் பாரேன்!"

அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் மாமனார் தாவீது உள்ளேயிருந்து வந்தார். லுங்கியின் இரண்டு முனையையும் வயிற்றருகே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வழி தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியவர் போல நின்றார்.

"ரெபேக்கா, இத்த எப்டிம்மா கட்றது?"

ரெபேக்காள் அதற்கும் சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் கட்டிவிட்டாள்.

வீட்டில் இருந்தது இவர்கள் மூன்று பேர்தான். புருஷன் ஜான்சன் வெல்டர். கான்ட்ராக்டர் ஒருவர் அவனைக் குஜராத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். போகும்போது ஒரே மாதிரி இரண்டு செல்போன் வாங்கிக் கொடுத்தார்; அந்த இரண்டுக்குள் எவ்வளவு நேரம் பேசினாலும் காசு கிடையாது. ஊரில் நான்கைந்து பேரிடம்கூட செல் இல்லாத காலம். ரெபேக்காள் கல்பாக்கம் டவுன்ஷிப் கேன்டீனில் வேலை முடித்து வரும்போது அதைக் கைக்குட்டையில் சுற்றி மார்போடு வைத்துக்கொண்டு வருவாள். அதில்தான் அவள் புருஷன் இருந்தான்.

ஜான்சன் ஊரில் இருந்தவரைக்கும் ஒரு பழக்கம். விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம். ஜெபத்தில் பிள்ளையின் உச்சந்தலையில் கையை வைத்துக்கொண்டுதான் ஆசீர்வாதம் கேட்பான். கை வைக்காத ஜெபம் ஜெபமில்லை என்பது அவன் கட்சி. குஜராத் போன முதல் வாரம் போனில் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தவன் பாதியில் விம்மிவிட்டான். "புள்ள தலையில கை வைக்க முடிலயே ரெபேக்கா" என்றான். அப்போது அவளுக்குத்தான் அந்த யோசனை வந்தது. பேசிக்கொண்டிருக்கிற போனையே பிரிசில்லாவின் தலையில் வைத்து, அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"வச்சிட்டேங்க. உங்க கை இப்ப அவ தலைமேல கீது. ஜெபிங்க."

அவன் ஜெபித்தான். அரைமணி நேரம். முடியைத் தாண்டி, எலும்பைத் தாண்டி அவன் குரல் உள்ளே இறங்குவதுபோல பிள்ளை தாத்தா மடியில், அவர் நெற்றியோடு தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு அழகான காட்சி அது! ரெபேக்காள் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

கிழவர் லுங்கி கட்ட மறந்த செய்தியைச் சொன்னதும் ஜான்சன், "நைனா தலையிலயும் வையி" என்றான். போன் ஒன்று, தலை இரண்டு. அவரைப் பாயில் படுக்கவைத்து, பிள்ளையை எதிர்ப்பக்கமாகப் படுக்கவைத்து, இருவர் உச்சந்தலையும் முட்டுகிற இடத்தில் போனைச் செருகி, மேலே தன் கையை வைத்தாள். ஒரே ஜெபம், இரண்டு பேருக்கும் ஆயிற்று. உடம்பு சரியில்லாத வீட்டில் ஜெபத்தைக் கூட்டத்தானே செய்வார்கள்? அரைமணி ஒருமணி ஆனது.

கிழவர் தலைமாட்டில் ஒரு ரேடியோ எப்போதும் தணிவாகப் பாடிக்கொண்டிருக்கும். போன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அது பாட்டை விட்டுவிட்டு, டுடுக் டுடுக் டுடுக் என்று பல்லைக் கடிக்கும். ஜெபம் முடியும்வரை கடித்துக்கொண்டே இருக்கும். போன் சூடேறச் சூடேற, பிள்ளைக்குத் தேய்த்த தேங்காயெண்ணெயும் கிழவரின் நரைமுடியின் வேர்வையும் வெந்த பிளாஸ்டிக்கும் சேர்ந்து ஒரு வாசனை வரும். ரெபேக்காளின் உள்ளங்கை மரத்துப்போகும். கடைவாய்ப் பற்களில் ஒரு ரீங்காரம் ஏறும். அதையெல்லாம் அவள் ஆவியானவரின் வல்லமை என்று நினைத்தாள், பாவி மகள்.

அப்புறம் கிழவர் தட்டை மறந்தார். சோற்றை எந்தக் கையால் எடுப்பது என்று இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். செத்துப்போன பெண்டாட்டி பெயரைக் கேட்டால் வெட்கப்பட்டுச் சிரித்தார். வயதானால் வருவதுதான் என்று எல்லாரும் சொன்னார்கள். சரி, அது வயது. ஆனால் பிரிசில்லா?

ஒருநாள் உச்சிவெயிலில் பிள்ளை வாசலில் நின்று, கண்ணுக்குமேல் கையைக் குடை பிடித்துக்கொண்டு, திருக்கழுக்குன்றத்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி பாக்குற?"

"கழுகு இன்னும் எறங்கலியே."

ரெபேக்காளும் மலையைப் பார்த்தாள். மலைக்கோயிலுக்கு உச்சிவேளைச் சோற்றுக்குக் கழுகு வருவது நின்றுபோய் வருஷங்களாகிவிட்டன. இவள் பிறப்பதற்கு முன்பே நின்றுபோயிற்று. அந்தக் கழுகு இறங்குகிற நேரத்தை வைத்துத்தான் கழனியில் கஞ்சிக்கு விடுவார்கள் என்று கிழவர் எப்போதோ, கல்யாணமான புதிதில், அவளிடம் சொல்லியிருக்கிறார். பிள்ளையிடம் சொல்லியிருப்பாரோ? சொல்லியிருக்கலாம். சொல்லித்தான் இருக்க வேண்டும் என்று அவள் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு உள்ளே போனாள்.

மிட்டாயைக் கொடுத்தால் பிரிசில்லா வேண்டாம் என்றாள். வெற்றிலை கேட்டாள். உட்கார்ந்தால் ஒரு முழங்காலை மடக்கி நிறுத்தி, அதன்மேல் கையைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். எழுந்திருக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு "கர்த்தாவே" என்றாள். ஐந்து வயது இடுப்பு! குளிப்பாட்டும்போது முதுகைத் தேய்த்தால், ஒரு இடத்தில் மட்டும் சுருக்கென்று விலகினாள். கிழவர் வாலிபனாக இருந்தபோது, எல்லப்பன் என்ற பழைய பெயரில் இருந்தபோது, மிராசு வீட்டு ஆள் மாட்டுத் தாம்பால் அடித்த தழும்பு அவர் முதுகில் அதே இடத்தில்தான் இருந்தது. பிள்ளை முதுகில் ஒன்றும் இல்லை. வழுவழுவென்று இருந்தது.

"வலிக்குதாடி?"

"அது எப்பவோ அடிச்சது, வுடு."

செங்கல்பட்டில் ஒரு டாக்டரிடம் இருவரையும் கூட்டிக்கொண்டு போனாள். சின்ன வயது டாக்டர், பொறுமையாகக் கேட்டார். கிழவரின் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்து, வயசுக்கு உள்ள மூளைதான், தேய்ந்திருக்கிறது என்றார். பிள்ளைகள் கூட இருக்கிறவர்களைப் பார்த்துச் செய்வார்கள் என்றார். கடைசியாக, ரெபேக்காள் தயங்கித் தயங்கி அந்த ஜெபத்தைப் பற்றிச் சொன்னபோது, எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"தினமுமா? தலையிலயேவா?"

"ஆமா சார்."

"சின்னப் பிள்ளைங்களுக்கு மண்டை ஓடு மெல்லிசும்மா. மூளையில ஈரம் ஜாஸ்தி. போனோட அலை பெரியவங்களுக்கு எறங்குறதவிட உள்ள ஜாஸ்தி எறங்கும்னு சிலபேர் சொல்றாங்க. வயசானவங்களுக்கு என்ன ஆகும்னு தெளிவா ஒருத்தரும் சொல்லல. கெடுதல்னு நிரூபிக்கவும் இல்ல, இல்லைன்னு நிரூபிக்கவும் இல்ல. இன்னும் இருபது வருஷம் கழிச்சு என்னக் கேளுங்க."

"எனக்கு சார்? நான்தான நடுவுல கைய வச்சிகினு கீறேன்?"

"உங்க வயசுக்குத் தலைவலி வரலாம். வராமலும் போகலாம். எதுக்கு வம்பு, நிறுத்திடுங்க."

நிறுத்திவிட்டாள். ஜான்சன் கத்தினான், கெஞ்சினான், ஜெபத்துக்குத் தடை சொல்லுகிறாயா என்று கேட்டான். போனை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி அரிசிப் பானைக்குள் புதைத்தாள். இனி சரியாகிவிடும் என்று நம்பினாள். நம்பித்தான் ஆக வேண்டும், வேறு என்ன செய்ய?

மறுநாள் விளக்கு வைக்கிற நேரம். கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு ரேடியோவின் பாட்டு நின்றது கேட்டது.

டுடுக் டுடுக் டுடுக்.

உள்ளே ஓடினாள். கிழவர் பாயில் படுத்திருந்தார். யாரும் படுக்கச் சொல்லவில்லை. பிரிசில்லா எதிர்ப்பக்கமாகப் படுத்து, உச்சந்தலையை அவர் உச்சந்தலையோடு ஒட்டவைத்திருந்தாள். இருவருக்கும் நடுவே ஒன்றும் இல்லை. தேங்காயெண்ணெய் வாசனை. வேர்வை. வெந்த பிளாஸ்டிக். ரேடியோ பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தது. ரெபேக்காள் அரிசிப் பானையைக் கவிழ்த்தாள். போன் அங்கேயே இருந்தது, பேட்டரி வேறாக, ஐஸ் மாதிரி குளிர்ந்து. அவள் பிள்ளையைக் காலைப் பிடித்து இழுத்தாள். ரேடியோ மறுபடி பாடியது.

அதற்குப் பிறகு அவள் இருவரையும் பிரித்தே வைத்தாள். பிள்ளையைத் தன்னோடு அறையில் போட்டுத் தாழ்ப்பாள் போட்டாள். கிழவர் கூடத்தில் கிடந்தார். இப்போது அவர் எதையுமே கேட்பதில்லை. உத்திரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். கஞ்சியை ஊட்டினால் பாதி வெளியே வழியும். மூச்சில் ஒரு கரகரப்பு வந்திருந்தது. இன்றோ நாளையோ என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், தாழ்ப்பாள் போட்ட அறைக்குள், ரெபேக்காள் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சும்மாதான் கேட்டாள்.

"உங்க மிஸ்ஸு பேரு இன்னாடி?"

பிள்ளை முழங்காலை மடக்கி நிறுத்தி அதன்மேல் கையைத் தொங்கவிட்டாள்.

"கிறிஸ்மஸுக்கு அப்பா இன்னா கலர் கவுனு வாங்கியாரேன்னாரு?"

"பிரிசில்லா. என்னப் பாருடி. நான் யாரு?"

பிள்ளை திரும்பிப் பார்த்தாள். பெரிய மனுஷப் பார்வை. இரக்கமும் அலுப்பும் கலந்த பார்வை.

"என் புள்ள பொண்டாட்டி," என்றாள்.

சீப்பு கையிலிருந்து விழுந்தது. இத்தனை நாளும் உள்ளே வந்ததைப் பற்றியே பயந்துகொண்டிருந்தவள், அப்போதுதான் மற்றதை நினைத்தாள். ஒரு குடத்துத் தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றினால் டம்ளரில் ஏற்கெனவே இருந்தது என்ன ஆகும்? எழுபது வருஷம் உள்ளே வந்துவிட்டது. அங்கே இருந்த ஐந்து வருஷம் எங்கே? தன் வயிற்றில் பிறந்தது, தன் பாலைக் குடித்தது, எங்கே?

"எம் புள்ள எங்க?" என்று அவள் அந்தச் சின்னத் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எம் புள்ளய எங்க வச்சிகினு கீற மாமா? சொல்லு! இன்னாத்துக்கு வந்த நீ?"

"நானா வந்தேன்? நீதானம்மா வச்ச," என்றது பிள்ளை. கோபமே இல்லாமல்.

அவள் போனை எடுத்தாள். பேட்டரி போய்ப் பொருந்தவே மாட்டேன் என்றது. பொருந்தியது. ஜான்சன் முதல் மணியிலேயே எடுத்தான். எத்தனை நாளாகக் காத்திருந்தானோ.

"ஜெபிங்க. இப்பவே. ஒண்ணும் கேக்காதீங்க, உங்க காலுல வுழறேன், ஜெபிங்க. போனது திரும்பி வரணும்னு ஜெபிங்க."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். பிள்ளை திமிறியது. கடித்தது. பாயில் போட்டு அமுக்கினாள். தலையோடு தலை. நடுவே போன். மேலே தன் கை. முழு பலத்தோடு.

ரேடியோ பல்லைக் கடித்தது. ஜான்சன் அழுதுகொண்டே ஜெபித்தான். "ஆண்டவரே, என் கை இல்லாத இடத்துல உம்முடைய கை இருக்கட்டும்." போன் சூடேறியது. உள்ளங்கை எரிந்தது. பற்கள் அதிர்ந்தன. அவள் கையை எடுக்கவில்லை. வெளியே மழை. உள்ளே அந்த வாசனை. பிள்ளையின் திமிறல் அடங்கியது.

வந்துவிடு. வந்துவிடுடி. வந்துவிடு என் கண்ணே.

"அம்மா."

ரெபேக்காளுக்கு உயிர் திரும்பியது. பிள்ளையின் முகத்தை வாரி எடுத்தாள். பிள்ளை வாயைத் திறக்கவில்லை. அதே பெரிய மனுஷப் பார்வை.

"அம்மா," என்றது மறுபடி. கரகரத்த தொண்டை. கிழவரின் வாய்.

அவள் மெல்லத் திரும்பினாள். உத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்த அந்த மங்கிய கண்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. அழுகை முட்டி, கீழுதடு பிதுங்கி இருந்தது. எழுபது வயது உதடு.

"அம்மா, எங் காலு ஏம்மா இவ்ளோ பெருசா கீது?"

ஜான்சன் இன்னும் ஜெபித்துக்கொண்டிருந்தான்.

"நான் எவ்ளோ கூப்ட்டேன். சத்தமே வர்லம்மா. நீ கதவ சாத்திகினு போய்ட்ட."

ரெபேக்காள் அந்தக் கன்னத்தைத் தொட்டாள்.

சின்ன விரல்கள் பாயிலிருந்து போனை எடுத்தன. பிரிசில்லாவின் உடம்பு எழுந்து உட்கார்ந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டது. "ஆமென், ஜான்சா," என்றது. "போதும். போய் சாப்ட்டு படு." அந்தப் பக்கம் ஜான்சன் சிரிப்பும் அழுகையுமாக, என் தங்கம், என் தங்கம் பேசுது பாரு என்பது கேட்டது. போன் அணைந்தது. பேட்டரி கழன்றது. வாசல் கதவு திறந்து, மழைத் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் ஏதோ இரண்டு முறை விழுந்தது.

ரெபேக்காள் தடுக்கப் போகவில்லை. போக முடியவில்லை. அந்த நீண்ட, எலும்பு துருத்திய கிழட்டு உடம்பை இழுத்து மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அது மடியில் அடங்கவில்லை. கால்கள் தரையில் நீண்டு கிடந்தன. முதுகைத் தட்டினாள். நரைமுடியை ஒதுக்கி நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

"நான் கீறேன்டி. அம்மா இங்கதான் கீறேன்டி."

"மூச்சு வுட முடிலம்மா."

"மெதுவா. மெதுவா வுடு தங்கம்."

"தூக்கம் வருதும்மா."

"தூங்காத."

ஐந்து வருஷமாக ஒவ்வொரு ராத்திரியும் தூங்கு தூங்கு என்று தட்டிய கை அது. இப்போது உலுக்கியது.

"தூங்காதடி. அம்மாவப் பாரு. தூங்காத."

மூச்சு வந்தது. நின்றது. வந்தது.

ஈரக் காலோடு அது உள்ளே வந்து பக்கத்தில் குந்தியது. தான் விட்டுவந்த முகத்தைச் சற்று நேரம் குனிந்து பார்த்தது. "வுடும்மா, புள்ள தூங்கட்டும்," என்றது.

பிறகு அந்தச் சின்னக் கையை நீட்டி, கிழவரின் கண்ணிமைகளை ஒவ்வொன்றாக இழுத்து மூடி, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டது. மூடிய இமைகளுக்கு அடியில் அந்த இரண்டு கண்களும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தன.